பிசுபிசுத்த கட்டைக்குப் புதுத் தோல்

என் ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) கட்டையை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பாகத்தை, தொட்டால் கையெல்லாம் கறுப்பு. கோத்தகிரியில் மூன்று மழைக்காலம் பீரோவுக்குள் துணிப்பையில் சுற்றிக் கிடந்ததன் பலன். வாங்கியபோது மெத்தென்று இருந்த ரப்பர் பூச்சு வெல்லப்பாகு பதத்துக்கு வந்திருந்தது. துணியின் நெசவுகூட அப்படியே கட்டையில் பதிந்திருந்தது. பழைய பைனாகுலர், குடைப்பிடி, ரேடியோ என்று இந்த ஊரில் பலதுக்கும் இதே கதிதான். இந்த மாதிரி பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதைச் சிதைத்துவிடும். துடைத்தால் போகிற அழுக்கு என்று நினைத்துத்தான் நானும் முதல் இரண்டு நாள் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி என்றதும் புருவம் தூக்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர்கன். 2016 ஆயுத விதிகளின்படி குழாயின் துளை 4.5 மி.மீ.க்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்களுக்கு உரிமம் வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டையை வைத்து 10 மீட்டரில் சுடுவதோடு சரி. தேயிலைக்குள் வந்து நிற்கும் காட்டெருமையைக் காட்டி, "இதுக்குத்தான் வாங்கினீங்களா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் பாக்கியில்லை. அதற்குக் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது, வனத்துறை மட்டும் என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவு. உள்ளே பெல்லட் (குண்டு) இல்லை, ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றிக் குழாயையும் ட்ரிகரையும் தனியே எடுத்து வைத்தேன். பெயிண்ட் அந்தப் பக்கமே போகக்கூடாது. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சமிருந்ததே என்று அதை எடுத்துத் தேய்த்தேன். ஜெல்லில் கிளிசரின் இருப்பதால் வழுக்கல்தான் கூடியது. அப்புறம் மருந்துக்கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய பனியனை நனைத்துத் தேய்த்தேன். பூச்சு கறுப்புப் புழுக்களாகத் திரண்டு உருண்டு வந்தது. மூன்று சாயங்காலம் இதே வேலை. நெயில் பாலிஷ் ரிமூவர் சீக்கிரம் முடிக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நல்லவேளை, கட்டையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்கே இளகிவிட்டது. அதிலுள்ள அசிட்டோன் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகையைக் கரைக்கும்.

என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள இன்னொரு சோதனையும் செய்தேன். உட்புறத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் போட்டேன். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் வகையாக இருக்கலாம். அதில் சாதாரண பெயிண்ட் பிடிக்காது, அதற்கென்றே ஒட்டுப் பிரைமர் வேண்டும். என் சீவல் மூழ்கியது. நிம்மதி. 320 உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவைத்தேன்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. தப்பு செய்தது மாதத்தில். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாகப் பெய்யும். நான் டெக்ஸ்ச்சர் ஸ்ப்ரே (பொடிமணல் கலந்த சொரசொரப்பு பெயிண்ட்) டப்பாவைக் கையில் எடுத்தது நவம்பரில். ஒரு மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்ததும் வராந்தாவில் கம்பி கட்டி, கட்டையைத் தொங்கவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது கை முடிவதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வராந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணெதிரே கறுப்பு வெளுத்தது, பால் தெளித்து உலர்ந்த மாதிரி. பெயிண்டிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சில்லிட்டுப் போகும். ஈரக்காற்று அதன்மேல் பனிநீராகப் படியும். அது பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்டால் இந்த வெளுப்பு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டரிடம் கட்டையை எடுத்துப் போனேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, உப்புக்கண்டம் மாதிரி இருக்கு?"

"வெயில் அடிச்சுதுங்க அண்ணா, அதான்…"

"மேகம் இறங்குற நாள்ல நாங்களே வண்டிக்குக் கை வெக்க மாட்டோம். பூராத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு, பொங்கல் கழியட்டும்னு இருங்க."

இருந்தேன். தேய்த்து எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. டெக்ஸ்ச்சர் பெயிண்டின் பொடிமணல் உப்புத்தாளை நிமிடத்தில் மழுக்கிவிடுகிறது.

ஜனவரிக் கடைசியில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஈரம் இல்லை, ஆனால் குளிர். காலையில் டப்பாவை அழுத்தினால் தூறலாக வராமல் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. குளிரில் உள்ளழுத்தம் குறைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிற்கவைத்தேன். கொதிநீரில் வைத்துவிடாதீர்கள், 50 டிகிரிக்கு மேல் போனால் டப்பாவே வெடிக்கலாம். பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரைதான் அடிக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

பெயிண்டர் சொன்னபடி முதல் கை வெறும் தூவல், அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரிய வேண்டும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, கட்டைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து வெளியே போய் விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே மணல் குவிந்து மரு மாதிரி நிற்கும். பதினைந்து நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு கை. கடைசிக் கை முழுக்க இறுகுவதற்குள் மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக உரித்தேன். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும், நவம்பரில் பட்டது. மறுநாள் மேட் கிளியர், அதாவது நிறமில்லாத, பளபளக்காத மேல்பூச்சு, இரண்டு கை. பிறகு ஒரு வாரம் தொடவே இல்லை. தொடாமல் இருப்பதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி.

பார்க்க அருமையாக இருந்தது, மழையில் நனைந்து காய்ந்த பாறை மாதிரி. பூட்டி இருபது குண்டு சுட்டுவிட்டு உள்ளே வந்தேன். "ஏங்க, கன்னத்துல என்ன?" என்றாள் மனைவி. கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் சிவந்து கிடந்தது. கைக்கு நல்ல பிடிப்பு கொடுக்கும் சொரசொரப்பு கன்னத்துக்கு உப்புத்தாள்தானே. கன்னம் படும் இடத்தை மட்டும் 400 தாளைத் தண்ணீரில் நனைத்து மழுங்கத் தேய்த்து, மறுபடி கிளியர் அடித்தேன். முதலிலேயே அந்த இடத்துக்கு டேப் ஒட்டியிருக்கலாம்.

இன்னொன்று. குண்டுகள் சிதறி விழுந்தன. முன்பு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும், இப்போது உள்ளங்கை அகலம். ஸ்க்ரூ துளைகளில் பஞ்சு அடைத்திருந்தேன். முன்பக்கத்து ஒன்றில் அது நழுவி, பெயிண்ட் உள்ளே கட்டியாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ முழுக்க உட்காரவில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை ஒரு மயிரிழை ஆடியிருக்கிறது. பிளேடு முனையால் சுரண்டி எடுத்து, அளவாக முடுக்கியதும் பழைய நாணயம் திரும்பி வந்தது.

இப்போது துணிப்பை இல்லை. பூட்டிய பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய, வெறுமனே சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் மாமனாரின் பைனாகுலரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பிடியும் கையில் ஒட்டுகிறதாம்.