மதர்போர்டு மாறினால் விண்டோஸ் உரிமம் என்ன ஆகும்?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, பக்கத்தில் எங்கோ இடி இறங்கிய நேரத்தில் மின்சாரம் போய் உடனே திரும்பி வந்தது. அதன் பிறகு என் மேசைக் கணினி உயிர் பெறவில்லை. பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தபோதும், மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. வழக்கமாக நான் போகும் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பிராசசருக்கு அருகே மிளகளவு கருகியிருந்த இடத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டி, "போர்டு போயிடுச்சு சார், மத்ததெல்லாம் நல்லாயிருக்கு" என்றார். 2018இல் வாங்கிய அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லை என்பதால், அதே பிராசசர் பொருந்தக்கூடிய வேறொரு நிறுவனத்தின் போர்டைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார்.

பழைய எஸ்எஸ்டியில் இருந்த விண்டோஸ் 11, புதிய போர்டிலும் தடையின்றித் திறந்தது. கோப்புகள், எழுத்துருக்கள், பாதியில் நின்ற பக்க வடிவமைப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நிம்மதியுடன் வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்தில், திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான வரி தோன்றியது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போனால், கணினியின் வன்பொருள் மாறியிருப்பதாகச் சொல்லும், எஃப்211 என்று முடியும் பிழை எண் இருந்தது.

பலரும் நினைப்பதுபோல் விண்டோஸ் உரிமம் ஹார்டு டிஸ்கில் இருப்பதில்லை. ஆக்டிவேட் ஆகும் வேளையில் கணினியின் பாகங்களிலிருந்து ஓர் அடையாளம் கணக்கிடப்பட்டு மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போகிறது. விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதல், அந்த அடையாளத்தின் பெயரிலேயே உரிமம் அங்கே பதிவாகிவிடுகிறது. அதனால்தான் அதே கணினியில் விண்டோஸை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும், வாங்கும்போது கிடைத்த உரிமச் சாவியை மறுபடி கேட்பதில்லை. ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் மட்டும், எதிரில் இருப்பது வேறொரு கணினி என்றே சர்வர் முடிவு செய்கிறது.

உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அடுத்து என்ன செய்யலாம் என்பது அமையும். நான் வாங்கியது பெட்டியில் வந்த ரீடெயில் உரிமம். பழைய கணினியில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு அதை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகலாம் என்பதால் எனக்குக் கவலையில்லை. கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அப்படியல்ல. அது அந்தக் கணினியோடு பிறந்து அதனோடு முடிவது. பழுதான போர்டுக்கு மாற்றாகப் போடப்படும் போர்டுக்கு அந்த உரிமம் தொடரும் என்றும், வேகத்துக்காகவோ வசதிக்காகவோ போர்டை மாற்றினால் அது புதிய கணினியாகவே கருதப்படும் என்றும் மைக்ரோசாஃப்ட் வரையறுத்துள்ளது. இந்த வேறுபாடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கணினி விற்பவர்களில் ஒருவர்கூட இதை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

தம்மிடம் இருப்பது எந்த வகை என்று அறிய விரும்புவோர், கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் டிஎல்ஐ சேர்த்து (slmgr /dli) என்டர் தட்டினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் விவரம் என்ற வரியில் ரீடெயில், ஓஇஎம், வால்யூம் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக மேம்படுத்திய கணினியிலும் ரீடெயில் என்றே காட்டும் என்பதால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி ரீடெயில் உரிமம் இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. வால்யூம் என்பது நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்படும் உரிமம்; கேஎம்எஸ் கிளையன்ட் என்பது நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் ஆகும் கணினி. வீட்டுக் கணினியில் இவை வந்தால், விற்றவரோ சர்வீஸ் செய்தவரோ கள்ள வழியில் ஆக்டிவேட் செய்து கொடுத்திருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள்.

எங்கள் கடைக்காரரும் நல்லெண்ணத்தோடு, "ரெண்டு நிமிஷம் சார், நான் ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்று பென்டிரைவை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பென்டிரைவில் இருக்கும் மென்பொருளை ஓட்டுவதற்கு முதலில் விண்டோஸின் வைரஸ் காவலை அணைக்க வேண்டும். பிறர் நம்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதிகளும் என் வங்கிக் கணக்கும் உள்ள கணினியில், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி உரிமை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் 25 எழுத்துச் சாவிகளையும் நான் தவிர்க்கிறேன். அவற்றில் பல ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக வழங்கப்பட்டவை. என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

நேர்வழி எளிதாகவே இருந்தது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆண்டுநிறைவு அப்டேட் முதல், சர்வரில் பதிவாகும் அந்த உரிமத்தை, அதாவது டிஜிட்டல் உரிமத்தை, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்க முடிகிறது. ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் பொத்தானை அழுத்தி, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லும் வரியைத் தேர்ந்து, நான் முன்பே இணைத்துவைத்திருந்த கணக்கில் உள்நுழைந்தேன். கணக்கில் உள்ள கணினிகளின் பட்டியல் வந்தது. டெஸ்க்டாப் என்று தொடங்கிப் புரியாத எழுத்துகளில் முடியும் மூன்று பெயர்கள். எது என்னுடையது என்று கண்டுபிடிக்க, பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் நான் குறித்துவைத்திருந்த பெயர்தான் உதவியது. அதைத் தேர்ந்ததும் மூலையில் இருந்த வரி மறைந்தது. இந்த இணைப்பை போர்டு போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். போன பிறகு செய்ய வழியில்லை. செய்திராவிட்டால், ரீடெயில் உரிமம் உள்ளவர் பெட்டியில் உள்ள சாவியை மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

அக்காவின் லேப்டாப்புக்கு இதே போர்டு மாற்றம் நேர்ந்தபோது கதை வேறாக இருந்தது. வாரன்டி முடிந்திருந்ததால், வெளிக் கடையொன்றில் அதே மாடலின் பழைய போர்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். திறந்ததும் நீலத் திரையில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. டிஸ்கைப் பூட்டிவைக்கும் சாவியைக் காப்பது போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப். போர்டோடு அதுவும் போய்விட்டது. அக்கா எதையும் பூட்டியதாக நினைவில்லை என்றாள். அவள் சொன்னது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கும் பல லேப்டாப்புகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. சாவி அவளுடைய கணக்கில் இல்லை. இரண்டு மணி நேரத் தவிப்புக்குப் பின், லேப்டாப்பை முதலில் திறந்த நாளில் மகனின் மின்னஞ்சலைக் கொடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கணக்கில் சாவி இருந்தது. ஆறு இலக்கங்களாக நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள்.

அதற்குப் பிறகு ஆக்டிவேஷன் எங்களிடம் எதையுமே கேட்கவில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், லேப்டாப்புடன் வரும் உரிமச் சாவியை அடியில் ஸ்டிக்கராக ஒட்டாமல் போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பதித்துவிடுகிறார்கள். அந்தப் பழைய போர்டில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற விண்டோஸ் வகைக்கான சாவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அக்காவின் விண்டோஸும் அதே வகை என்பதால், அந்தச் சாவியைப் படித்துத் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது. அவளுடைய ஆறு ஆண்டுப் புகைப்படங்களைக் காத்தது உரிமம் அல்ல, மகனின் கணக்கில் இருந்த 48 இலக்கங்கள். அவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.