அவரைப் பந்தலும் கொன்றை மரமும்

வீட்டின் பின்புறம் இருக்கும் சிறு நிலத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஆறடி இடைவெளி விட்டு அவரையையும் சரக்கொன்றையையும் வளர்க்கத் தொடங்கினேன். காய்க்கு ஒரு கொடி, கண்ணுக்கு ஒரு மரம் என்பதற்கு மேல் அப்போது எனக்கு வேறு கணக்கு இருக்கவில்லை. இரண்டும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆனால் உறவு அந்த அளவில் நின்றுவிடுகிறது என்பதையும், ஒரே குடும்பத்தில் பிறந்தும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எதிரெதிரான வழிகளைத் தேர்ந்துகொண்டவை இவை என்பதையும் அவற்றோடு பழகியே கற்றுக்கொண்டேன்.

வேறுபாடு விதையிலேயே தொடங்கிவிட்டது. ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டதுபோல இருக்கும் அவரை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினேன். ஒரு வாரத்துக்குள் கழுத்தை வளைத்து, விதையிலைகளைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. கொன்றை விதையோ இரண்டு மாதம் தொட்டியில் கிடந்து, தோண்டிப் பார்த்தபோது போட்டது போட்டபடியே பளபளத்தது. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி ஊறவைத்தேன். மறுநாள் காலையில் விதை ஏறக்குறைய இருமடங்காக உப்பியிருந்தது. முளைத்த பிறகும் அது அவசரப்படவில்லை. முதலாண்டு முடிவில் அதன் உயரம் என் இடுப்பைக்கூட எட்டவில்லை.

அவரைக்குப் பாகல், புடலை போன்றவற்றுக்கு உள்ள பற்றுக்கம்பிகள் கிடையாது. தண்டே சுற்றி ஏறுகிறது. காலையில் மதிலை நோக்கி நீண்டிருந்த நுனி, முற்பகலில் போய்ப் பார்த்தால் வேறு திசையில் இருக்கும். காற்று தள்ளியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். காற்றே இல்லாத நாள்களிலும் அது நகர்ந்தபோதுதான், வளரும் நுனி வட்டமடித்துப் பிடிமானம் தேடுகிறது என்பது புரிந்தது. நிமிர்ந்து நிற்பதற்காகக் கட்டையை உருவாக்கும் செலவு கொடிக்கு இல்லை. அந்தச் செலவைக் குச்சியின் தலையிலோ பக்கத்துச் செடியின் தலையிலோ கட்டிவிட்டு, மிச்சப்பட்டதை இலையிலும் காயிலும் போடுகிறது. கொன்றையின் வழி நேர்மாறானது. பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை எழக்கூடிய அந்த மரம், பூவைப் பற்றி நினைப்பதற்கு முன் சில ஆண்டுகளை வேருக்கும் தண்டுக்குமே செலவிடுகிறது.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் ஈர்த்தது, பூப்பதற்கு இவை பார்க்கும் நேரம். முதன்முறை நான் அவரையை விதைத்தது, பகல் பொழுது நீண்டுகொண்டிருந்த மாதங்களில். பந்தல் முழுவதும் இலை அடைத்துக்கொண்டது; ஒரு மொட்டும் இல்லை. எருவைக் கூட்டினேன், குறைத்தேன், நுனியைக் கிள்ளினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பழைய கொடி அவரை வகைகள், இரவு நீண்டு பகல் குறையும்போது மட்டுமே பூப்பவை. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் குத்துச்செடி வகைகள் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டவை. என்னிடம் இருந்தது பழைய ரகம். பகல் குறையத் தொடங்கியதும், நான் எதுவும் செய்யாமலேயே, கணுவுக்குக் கணு ஊதா நிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்தன. குறுந்தொகையின் 82ஆம் பாடலில், தினை அறுத்த தாளில் படர்ந்த அவரை பூப்பது பனிக்காலத்தின் அடையாளமாகவே சொல்லப்பட்டிருப்பதைப் பின்னர் படித்தபோது, எருக்கூடையோடு அலைந்த என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பூக்கும் பருவமும் ஏறுவதற்கான தாளும் இரண்டே அடிகளில் அங்கே இருந்தன.

அதே நூலின் 66ஆம் பாடலில் கொன்றை வேறு விதமாக வருகிறது. இடையில் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை அறிவில்லாதது என்று, கார்காலத்தில் திரும்புவதாகச் சொன்ன தலைவனை எதிர்பார்த்து வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அது தலைவியின் மனத்தை ஆற்றச் சொன்னதுதான் என்றாலும், மரத்தின்மீது சுமத்தப்பட்ட அந்தப் பழி எனக்குப் பிடித்திருக்கிறது. என் மரம் வெயில் ஏறும் காலத்தில் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளில் ஓர் அடிக்கு மேல் நீளும் மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுகிறது. முதல் ஐந்து ஆண்டுகள் பூவே இல்லை. இவ்வாண்டு மூன்று சரங்கள்.

அந்த மூன்றில் ஒன்றை நெருங்கிப் பார்த்தேன். ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மூன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, கொக்கிபோல் வளைந்திருந்தன. கொன்றைப் பூவில் தேன் இல்லை. கூலி மகரந்தம்தான். பெரிய கரிய தச்சுத் தேனீ ஒன்று வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்க, அந்த ரீங்காரத்தில் மகரந்தம் பொடியாக உதிர்ந்தது. அவரைப் பூவின் அமைப்பு வேறு: மேலே ஒரு கொடியிதழ், பக்கங்களில் இரண்டு சிறகிதழ்கள், அடியில் படகுபோல் மூடிய இதழ்கள், மகரந்தத் தாள்கள் எல்லாம் அந்தப் படகுக்குள்ளே பூட்டியிருக்கின்றன. பூச்சி வந்தால் நல்லது, வராவிட்டாலும் பெரும்பாலும் தன் மகரந்தத்தைக் கொண்டே காய் பிடித்துவிடும்.

மண்ணுக்கடியில் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. காய்ப்பு ஓய்ந்த அவரையைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிடுவது என் வழக்கம். ஒருமுறை, பூக்கத் தொடங்கியிருந்த ஒரு கொடியைச் சோதனைக்காகப் பிடுங்கியபோது, வேரில் இருந்த முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றும் பாக்டீரியாக்கள் வேலையில் இருக்கின்றன என்பதன் அடையாளம் அந்த நிறம். அதே குடும்பம்தானே, கொன்றையும் இப்படி மண்ணை வளப்படுத்தும் என்று நான் பலரிடம் சொல்லியிருந்தேன். அது தவறு. கொன்றையின் வேரில் இந்த முடிச்சுகள் உண்டாவதில்லை. தன் நைட்ரஜனை மற்ற மரங்களைப் போல மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

பூச்சிகளைப் பொறுத்தவரை, அவரையின் இளந்தளிரில் கறுப்பு அசுவினி மொய்ப்பதும் அதன் பின்னே எறும்புகள் வரிசை கட்டுவதும் தவறாத நிகழ்ச்சிகள். வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் ஓரளவு அடங்கும். கொன்றை இலையைப் பச்சைப் புழுக்கள் தின்றால் நான் தடுப்பதில்லை. அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கப்போகின்றவை.

ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, எதை வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் அவரை என்றுதான் சொல்கிறேன். அழகைவிடப் பயன் பெரிது என்பதற்காக அல்ல. தவறு செய்தால் அடுத்த பருவத்திலேயே திருத்திக்கொள்ளலாம் என்பதற்காக. ஆனால் அவரை ஆளை விடாது. சில நாள்களுக்கு ஒருமுறை பறிக்காமல் காய்களை முற்றவிட்டால் புதிய பூ குறைந்துபோகும்; முற்றிய பருப்பையோ, தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், ஏனெனில் அதில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. கொன்றைக்கு என் வரவு தேவையே இல்லை. அதன் உருளைக் காய்கள் ஓர் அடிக்கும் மேல் நீண்டு, கறுத்து, வெடிக்காமல் மாதக்கணக்கில் தொங்குமாம். என் மரத்தில் இப்போதுதான் ஒரு காய் விரலளவுக்குப் பச்சையாக இறங்கியிருக்கிறது.

ஆறடி இடைவெளி போதாது என்பது மூன்றாம் ஆண்டில் தெரிந்தது. கொன்றை நிழல் விழுந்த பக்கத்தில் அவரை காய்க்க மறுத்தது. பந்தலை வெயில் படும் மறுபக்கத்துக்கு மாற்றினேன். அதற்கு முன் இன்னொரு பிழையும் செய்திருந்தேன். அவரை ஏறுவதற்கு இருக்கட்டும் என்று, கொன்றைக் கன்றின் முழங்கால் உயரத்தில் நைலான் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையைப் பந்தல்காலில் இழுத்து முடிந்துவிட்டு, முழுவதுமாக மறந்துபோனேன். கண்டுபிடித்தபோது தண்டு பருத்துக் கயிற்றை விழுங்கத் தொடங்கியிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தேன். மரம் நுனியில்தான் உயர்கிறது என்பதால், இப்போது கூரையைத் தொடும் அந்தக் கொன்றையில், கயிறு இறுக்கிய தழும்பு இன்னும் என் முழங்கால் உயரத்திலேயே இருக்கிறது.