மோட்டார் போச்சு என்று சொல்லப்பட்ட டிரெட்மில்லைப் பிரித்துப் பார்த்தது

மச்சான் வீடு மாறியபோது இடமில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த டிரெட்மில் இது. 2020 லாக்டவுனில் ஆன்லைனில் வாங்கியது, மடக்கி நிறுத்துகிற ரகம், பக்கவாட்டில் '4 ஹெச்பி பீக்' என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். ஆள் ஏறாமல் ஓடவிட்டால் ஜம்மென்று ஓடும். ஏறி நடந்தால் ஒவ்வொரு காலடிக்கும் பெல்ட் தயங்கும், கொஞ்ச நேரத்தில் முன்மூடியிலிருந்து வார்னிஷ் சூடான வாசனை வரும், அப்புறம் தானாக நின்றுவிடும். சர்வீஸுக்கு வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல் "மோட்டாரும் போர்டும் போச்சு சார், ரெண்டும் சேர்த்து பதினாலாயிரம் ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லி, விசிட் சார்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மோட்டார் போயிருக்கலாம்தான். ஆனால் ஆள் ஏறினால் மட்டும் திணறுகிற மோட்டார் எவ்வளவு சுமையை இழுக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லையே. அதனால் முதல் வேலையாக, ஒயரை வெளியிலிருந்து கவ்வியே கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். இதில் ஒரு சின்ன விஷயம், பவர் கார்டு மொத்தத்தையும் கிளாம்புக்குள் விட்டால் ரீடிங் பூஜ்யம்தான் காட்டும், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பழைய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றின் மேலுறையை மட்டும் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கிற பேஸ் ஒயரைத் தனியாக ஒரு வளையமாக வெளியே இழுத்து, அதில் கிளாம்பை மாட்டினேன். காலியாக 5 கிலோமீட்டர் வேகத்தில் 1.4 ஆம்ப்ஸ். நான் ஏறியதும் 4.8, காலை ஊன்றும்போது 6-ஐத் தொட்டுவிட்டு வருகிறது. நடக்கிற வேகத்துக்கே இவ்வளவு இழுத்தால் வார்னிஷ் வாசனை வராமல் என்ன செய்யும்.

அந்த '4 ஹெச்பி' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெச்பி என்றால் 746 வாட்ஸ். இந்த மிஷினோடு வந்திருப்பது 6 ஆம்ப்ஸ் பிளக். 230 வோல்ட்டில் 6 ஆம்ப்ஸ் என்றால் 1380 வாட்ஸ், அதாவது போர்டும் மோட்டாரும் துளிகூட வீணாக்காவிட்டாலும் இரண்டு ஹெச்பிக்கும் குறைவு. பீக் என்பது ஒரு கணம் தாங்கக்கூடிய உச்சம், நாம் அரைமணி நேரம் நடப்பது அதில் இல்லை. வாங்கப் போகிறவர்கள் 'கன்டினியூவஸ்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் கேளுங்கள், அப்படி ஒரு எண்ணே போடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பெல்ட் தயங்கும்போது எது வழுக்குகிறது என்று பார்ப்பது சுலபம். முன்மூடியைக் கழற்றிவிட்டு மெதுவான வேகத்தில் ஒருவர் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை அழுத்த வேண்டும், இன்னொருவர் கையை உள்ளே விடாமல் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முன் ரோலர் சுற்றிக்கொண்டே இருந்து பெல்ட் மட்டும் நின்றால் நடக்கிற பெல்ட் லூஸ். மோட்டார் சுற்றி ரோலர் நின்றால் மோட்டாரையும் ரோலரையும் இணைக்கிற சின்ன பெல்ட் வழுக்குகிறது. எங்கள் மிஷினில் மூன்றும் ஒன்றாகவே தடுமாறின. அப்படியென்றால் வழுக்கல் இல்லை, எங்கோ பிடிக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (பிடுங்கிய உடனே போர்டைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும், கொஞ்ச நேரம் விட்டு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்) பின் ரோலரின் இரண்டு போல்ட்டையும் சமமாகத் தளர்த்தி, பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஓரங்களில் துணி துணியாகத்தான் இருக்கிறது, நடுவில் குதிகால் விழுகிற இடத்தில் மட்டும் கண்ணாடி போல வழவழப்பு. பெல்ட்டின் மேல்பக்கம் பிவிசி, அடிப்பக்கம் பாலியஸ்டர் நெசவு, அந்த நெசவுதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது தேய்ந்து உருகிப் பளபளத்துவிட்டால் பிடித்துவைக்க எதுவும் இல்லை. பெல்ட்டைத் தாங்கும் பலகையிலும் அதே இடத்தில் கறுப்புப் பூச்சு போய் உள்ளிருக்கும் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பழுப்பாக எட்டிப் பார்க்கிறது.

இருந்தாலும் நேராகப் பெல்ட்டை மாற்றாமல் எண்ணெய் விட்டுத்தான் பார்த்தேன். சுத்தமான சிலிக்கான் ஆயில், பாட்டில் 280 ரூபாய், பெல்ட்டைத் தூக்கி நடுப்பகுதியில் சுமார் 30 மில்லி விட்டு, மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பெல்ட்டின் இடம் வலம் எல்லாம் மாறி மாறி நடந்தேன். 4.8 இருந்தது 3.1-க்கு இறங்கியது. சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை, ரீடிங் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. சரி, மேல்பூச்சு போன பலகைக்கு எண்ணெய் மட்டும் போதாது.

சிலிக்கானுக்குப் பதில் தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், டபிள்யூடி-40 என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெட்ரோலிய எண்ணெய்கள் பெல்ட்டையும் அதன் பசையையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் சூட்டில் பிசுக்காகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். டபிள்யூடி-40 துருவை இளக்கத்தான் லாயக்கு, நாள்பட நிற்கிற மசகு கிடையாது.

பலகையைக் கழற்றுவதுதான் இதில் பெரிய வேலை. பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பட்டைகள், பின் ரோலர், மோட்டார் பெல்ட், முன் ரோலர், அப்புறம் பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் எட்டு ஸ்க்ரூ. அவற்றில் இரண்டு வியர்வை இறங்கித் துருப்பிடித்து அசையவே இல்லை. இங்கே டபிள்யூடி-40 உபயோகப்பட்டது, ராத்திரி அடித்து வைத்து காலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டித் திருப்பியதும் வந்துவிட்டது. எதையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக எந்த நீள ஸ்க்ரூ எந்த ஓட்டையில் என்று.

அதிர்ஷ்டவசமாகப் பலகையின் இரண்டு பக்கத்திலும் கறுப்புப் பூச்சு இருந்தது. அப்படியே திருப்பிப் போட்டால் புதுப் பலகைதான். ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருக்கிற பலகைகளும் உண்டு, அதைத் திருப்பினால் பூச்சில்லாத எம்டிஎஃப் மேல் பெல்ட் ஓடிப் புதுப் பெல்ட்டும் வீணாகும். ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்து வாங்குகிறவர்கள் கனத்தை மில்லிமீட்டர் பிசகாமல் பார்க்க வேண்டும், ரோலரின் மேல்விளிம்பும் பலகையின் மேல்பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படிதான் சட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

பெல்ட்டுக்கு அந்தக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் நம்பர் கிடைக்குமா என்று அலைய வேண்டியதில்லை. நான் இருப்பது கோயம்புத்தூர், மில்லுக்கும் பேக்கிங் லைனுக்கும் கன்வேயர் பெல்ட் ஒட்டிக் கொடுக்கிற கடைகள் இருக்கிற ஊர். டிரெட்மில் பெல்ட்டும் கன்வேயர் பெல்ட்தானே. பழைய பெல்ட்டின் அகலம் 400 மில்லிமீட்டர், முழுச் சுற்றளவு 2520. பெல்ட்டைத் தரையில் தட்டையாக அமுக்கி நீளத்தை அளந்து இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதும். பல்லுப் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஹாட் பிரஸ்ஸில் ஒட்டி, 2,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மாட்டும்போது அடிப்பக்கம் அம்புக்குறி இருந்தால் ஓடுகிற திசைக்கு வைக்க வேண்டும்.

முன் ரோலர் கையில் இருக்கும்போதே சுற்றிப் பார்த்தேன், கரகரவென்று மணல் போட்ட மாதிரி சத்தம். பேரிங்கின் மேல் எண் இருக்கும், 6202 (உள் விட்டம் 15, வெளி விட்டம் 35 மில்லிமீட்டர்), பின்னால் 'ஜெட் ஜெட்' என்றால் தகரமூடி, '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் சீல். தூசி போகாமலிருக்க ரப்பர் சீலே வாங்கினேன், இரண்டு ரோலருக்கும் நாலு, ஒன்று 110 ரூபாய். பழையதைக் கழற்றிப் புதிதை ஏற்றும் வேலையை லேத் பட்டறையில் கொடுத்துவிட்டேன், பிரஸ் இல்லாமல் வீட்டில் அடித்தால் புது பேரிங்கே கெட்டுவிடும்.

எல்லாம் பிரித்திருக்கிறதே என்று மோட்டாரையும் வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் சொன்ன சோதனை பிடித்திருந்தது. மோட்டாரின் இரண்டு ஒயரையும் தொடவிடாமல் ஷாஃப்ட்டைச் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றினால் யாரோ உள்ளிருந்து பிடிக்கிற மாதிரி கனக்கிறது. காந்தம் வைத்த டிசி மோட்டார் என்பதால் சுற்றும்போது அதுவே ஜெனரேட்டராகிவிடுகிறது, ஷார்ட் செய்தால் தன்னைத்தானே தடுக்கிறது. அந்தக் கனம் தெரிந்தால் காந்தம், கார்பன் (சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கிற கட்டை), வைண்டிங் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

"மோட்டாருக்கு ஒன்னும் ஆகலீங்ணா, கார்பன்தான் ஒரு பக்கம் தேஞ்சிருக்குது, மாத்திப் போட்டுக்கலாம்" என்றார். ஒன்று தேய்ந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம். கார்பன் உரசுகிற செம்பு வளையமான கமுட்டேட்டரைச் சீரோ நம்பர் உப்புத்தாளில் மெல்லத் துடைத்தார். "எமரி போட்றாதீங்ணா, அந்தத் தூள் உள்ள போய்க் கரண்டைக் கடத்தும்" என்று ஒரு எச்சரிக்கை வேறு. மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பாடிக்குக் கசிவு இல்லை என்றும் பார்த்துக் கொடுத்தார். கார்பன், கூலி எல்லாம் சேர்த்து 450. மோட்டாரும் போர்டும் போச்சு என்றவரை அப்போது நினைத்துக்கொண்டேன், நல்ல விதமாக அல்ல.

மாட்டிய பிறகு பெல்ட்டை நேராக ஓடவைப்பதில்தான் பொறுமை வேண்டும். நடுவில் பெல்ட்டைத் தூக்கினால் பலகையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வர வேண்டும், அதற்கு மேல் முறுக்கினால் பேரிங்கும் மோட்டாரும்தான் கஷ்டப்படும். ஆள் ஏறாமல் மெதுவாக ஓடவிட்டு, பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டை 6 மில்லிமீட்டர் ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று, வலது பக்கம் போனால் வலது போல்ட்டை. திருப்பியதும் உடனே தெரியாது, ஒரு நிமிடமாவது ஓடவிட்டுப் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகினால் டென்ஷன் ஏறிக்கொண்டே போகும்.

இத்தனைக்கும் பிறகு முதல் ஓட்டத்தில் சில நொடிகளில் நின்று திரையில் எர்ரர். எர்ரர் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஆனால் ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் நின்றால் முதலில் ஸ்பீடு சென்சாரைப் பாருங்கள். முன் ரோலரின் புல்லியில் ஒரு குட்டிக் காந்தம், அதற்கு எதிரே சட்டத்தில் சென்சார், இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ரோலரை மாட்டும்போது சென்சாரைப் பிடித்திருக்கும் தகடு வளைந்திருந்தது, நிமிர்த்தியதும் சரி. அந்தச் சிக்னல் வராவிட்டால் வேகம் எவ்வளவு என்று போர்டுக்குத் தெரியாது, பாதுகாப்புக்காக நிறுத்திவிடுகிறது.

இப்போது காலியாக 1.1 ஆம்ப்ஸ், நான் ஏறி 5-ல் நடந்தால் 2.3. பழைய போர்டேதான், அதில் எதுவும் மாற்றவில்லை, சூட்டை வெளியேற்றுகிற ஹீட் ஸிங்க்கில் அடைத்திருந்த முடியையும் பஞ்சையும் பிரஷ்ஷால் எடுத்ததோடு சரி. செலவு நாலாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது, லேத் கூலியோடு. சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தாலோ, மோட்டார் வைண்டிங்கும் போர்டும் நிஜமாகவே எரிந்திருந்தாலோ நானும் புதிதுதான் வாங்கியிருப்பேன், இந்த ரக மிஷினுக்கு அதற்கு மேல் போடுவது வீண்.

மூன்று பின் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிட்டேன். பெல்ட் பலகையில் உரசி ஸ்டாட்டிக் சேரும், கைப்பிடியைத் தொட்டால் சுளீர் என்று அடிப்பது பெரும்பாலும் அதுதான். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டவே கூடாது, தாங்காது.

பாக்கி இருப்பது மோட்டார் பெல்ட். 8 கிலோமீட்டருக்கு மேல் போனால் மெல்லிய விசில் சத்தம் வருகிறது, அதன் ரிப்பில் (நீளவாக்கில் ஓடும் வரிகளில்) ஓரிடத்தில் வெடிப்பும் தெரிகிறது. அதன் முதுகில் 190ஜே6 என்று இருக்கிறது, 19 அங்குலச் சுற்றளவு, ஜே வகை, ஆறு ரிப். பெல்ட் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாட்டிவிட்டு மறுபடி ஆம்ப்ஸ் பார்க்க வேண்டும்.