குதியைப் பார்த்தோம், இடுப்பைப் பார்க்கவில்லை

மகன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் கெடும் நிலை. அவனுக்கு இரண்டு காலிலும் இறுக்கம். நாலு வயதில் எதையாவது பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பான். குதி நிலத்தில் பட்டால் போதும் என்பதுதான் எங்கள் வீட்டு நேர்த்தி. அம்மம்மா தினமும் நல்லெண்ணெய் பூசி உருவிவிடுவா.

மூளையில் உள்ள பாதிப்பு இனி அதிகரிக்காது, ஆனால் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகின தசை நீளாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கெண்டைக்காலில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போட்டார்கள். அதன் பலன் 3 முதல் 6 மாதம்தான். அதற்குள் வாராவாரம் பிளாஸ்டர் மாற்றிக் காலை நிமிர்த்தினார்கள். பிறகு ஸ்பிளிண்ட், காலை நிமிர்த்திப் பிடிக்கிற கவசம். யாழ்ப்பாண வெயிலில் அதைப் போட்டுவிடுவது பெரிய பாடு. உள்ளே பருத்திக் காலுறை வேண்டும். கழற்றி அரை மணித்தியாலமாகியும் சிவப்பு மறையாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். முற்றத்து மணலில் வோக்கர் சில்லுப் புதையும், அது வேறு கதை.

குதி பட்டது. நல்லூர் தேருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம்.

ஆறு வயதில் புதிதாக வந்த இளம் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டா: "இடுப்பு எக்ஸ்ரே எங்கையம்மா?"

எடுக்கவே இல்லை. இரண்டு வருடம் போன கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இந்த வருத்தமுள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுமாம், நடக்காத பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாம். தொடக்கத்தில் நோவே இருக்காது. பம்பர்ஸ் மாற்றும்போது தொடை விரியவில்லை என்பதை நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு எடுத்த படத்தில் வலது தொடை எலும்பின் பந்து 34 வீதம் இடுப்புக் குழிக்கு வெளியே. 30ஐத் தாண்டினால் விலகல் என்றுதான் கணக்காம். உள்தொடைத் தசையைத் தளர்த்தும் ஒப்பரேசன் செய்தார்கள். பிற்காலத்தில் எலும்பிலும் செய்ய வேண்டி வரலாம் என்று முதலே சொல்லிவிட்டார்கள். கால்களை அகட்டிப் பிளாஸ்டர் போட்டதால் பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது. நெல்லியடியிலிருந்து ஓட்டோ, அதற்குள்ளும் குறுக்காகப் படுக்கவைத்துத்தான்.

இப்போது 6 மாதத்துக்கு ஒருமுறை படம். பழைய படங்களையும் கையோடு கொண்டுபோகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். அம்மம்மா எண்ணெய் பூசுவதை விடவில்லை, முடிந்ததும் தொடையை மெல்ல அகட்டிப் பிடிக்கவும் பழகிவிட்டா. அடுத்த படம் மாசியில்.