வீடு முழுக்கப் பாட்டு: நூறு வோல்ட் லைன் போட்டுப் பார்த்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு பாதி கல், பாதி பலகை. மேலே தகரக் கூரை. முன்கூடத்தில் ஓடும் அஸ்ட்ரோ டிவியும் மின்னல் எஃப்எம் வானொலியும் சமையல்கட்டு, அப்பா அறை, வாசல், பின்கட்டு என நான்கு இடத்திலும் கேட்க வேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் போதாதா என்றான் தம்பி. ஓர் அறைக்குப் போதும். ஆனால் அம்மா எதையும் தொடாமல், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் வயர்தான் சரி.

சிக்கல் ஆம்பிளிஃபயரில் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை இணையாகக் கொடுத்தால் மொத்தம் 2 ஓம்தான். ஓம் குறையக் குறைய ஆம்பிளிஃபயர் அதிக மின்னோட்டம் தர வேண்டும்; வீட்டு ஆம்பிளிஃபயர்களில் பெரும்பாலானவை அதைத் தாங்காது. தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் அண்ணனைக் கேட்டேன். “நூறு வோல்ட் லைன் போடு தம்பி. அதே ரெண்டு வயருலயே எல்லாத்தையும் மாட்டலாம், வாட்டை மட்டும் கூட்டிப் பாத்துக்க” என்றார்.

விஷயம் இதுதான். ஆம்பிளிஃபயர் ஒலியை 100 வோல்ட் அளவுக்கு ஏற்றி அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் நேரடியாகக் கொடுக்க 1 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும்; இங்கே 0.1 ஆம்பியர் போதும். அதனால் மெல்லிய வயரே பின்கட்டுவரை தாராளமாகப் போகிறது. எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்பதை அந்த டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள முனைகளில் ஒன்றில் வயரை மாட்டித் தேர்ந்தெடுக்கலாம். வாசலுக்கும் பின்கட்டுக்கும் தலா 10 வாட், சமையல்கட்டுக்கு 5, அப்பா அறைக்கு 2.5. மொத்தம் 27.5 வாட், ஆம்பிளிஃபயர் 60 வாட், கவலையில்லை. அப்பா அறையில் முதலில் 5 வாட் முனையில் மாட்டிப் பார்த்தேன், அவருக்குச் சத்தம் அதிகம். பக்கத்து முனைக்கு மாற்றியதும் 3 டெசிபல் இறங்கியது. “இப்பச் சரி” என்றார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: இது ஷாக் அடிக்கும். ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சார வயர் போகும் குழாயில் இதை விடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்பீக்கரை மாட்டினால் கருகிவிடும்.

ஒலி எப்படி? குரலும் நாதஸ்வரமும் தெளிவு. தவிலில் வலந்தலை நன்றாகக் கேட்கிறது, கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் கனம் மட்டும் மெலிகிறது. சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு அடி ஒலியைத் தூக்கிவரச் சக்தி போதாது. சமையல்கட்டில் செய்தியும் பாட்டும் கேட்க இது தாராளம்.

டிவி படத்தை அப்பா அறைக்குக் கொண்டுபோக ஒரு கேட்6 கேபிளும் (இணைய நெட்வொர்க் வயர்) அதன் வழியாகப் படத்தை அனுப்பும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டரும் போதுமாக இருந்தன. இரண்டு முனையிலும் வயர் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஒரு தொல்லை: அஸ்ட்ரோ பெட்டியிலிருந்து நேராக ஒலி எடுத்தபோது சமையல்கட்டில் முந்திக் கேட்டது, கூடத்து டிவியில் பிந்திக் கேட்டது. டிவி படத்தைத் தயார்செய்ய நேரம் எடுக்கிறது, ஒலியையும் அதற்கேற்பத் தாமதித்தே வெளியிடுகிறது. டிவியின் ஆப்டிக்கல் ஒலி வெளியீட்டு வழியாக ஒலி எடுத்து, டிவி அமைப்பில் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று வைத்ததும் எதிரொலி போய்விட்டது.

மழை தகரத்தில் கொட்டும்போது பின்கட்டில் ஒன்றும் கேட்பதில்லை. அங்கே ஸ்பீக்கரைக் கூடுதல் வாட் முனைக்கு மாற்றி, மழை இல்லாதபோது குறைத்துக்கொள்ள நூறு வோல்ட் லைனுக்கென்றே வரும் வால்யூம் திருகியைப் பொருத்தப்போகிறேன். ஈப்போ கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.