ரேஞ்ச்ஃபைண்டரும் ஸ்கோப்பும்: வேட்டைப் பருவத்துக்கு முன் எட்டு வாரம்

மூன்று பருவமாகத் தூரத்தைக் கண் மதிப்பில்தான் பார்த்து வந்தேன். "ஒரு 200 மீட்டர் இருக்கும்" என்று நினைத்து, அப்புறம் நடந்து போய் அளந்தால் 140 இருக்கும், இல்லாவிட்டால் 260 இருக்கும். போன பருவத்தில் ஒரு மானுக்குக் கீழே மண்ணைச் சுட்ட பிறகுதான் தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றும், ரைபிள் மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்றும் வாங்கினேன். ஸ்கோப்புக்குள் மில் கணக்கில் கோடு போட்டிருக்கும். மில் என்பது ஒரு கோண அளவு, 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர். இனித் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைப்பு.

முதல் வாரம் முழுக்க ஸ்கோப்பை மாட்டுவதிலேயே போனது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. உட்கார்ந்து வசதியாக வைத்துப் பார்த்துவிட்டுத் திருகுகளை இறுக்கினேன். தரையில் படுத்ததும் முகம் தானாக முன்னே போகும் என்பதை யோசிக்கவில்லை. முதல் வெடியிலேயே ஸ்கோப் விளிம்பு புருவத்தில் முத்திரை வைத்துவிட்டது. கழற்றி, முன்னே தள்ளி, ரசமட்டம் வைத்துக் குறுக்குக் கோட்டை நேராக்கி, வளையத் திருகுகளை 2 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். கை பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

ஜீரோ செய்வது, அதாவது குறுக்குக் கோடு நிற்கும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது, எதிர்பார்த்ததைவிடச் சுலபம். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியாக 25 மீட்டரில் இருக்கும் இலக்கைப் பார்த்து, குறுக்குக் கோட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் 100 மீட்டர். என் ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் சரியாக ஒரு சென்டிமீட்டர். மூன்று குண்டுகளின் நடுப்புள்ளி 7 சென்டிமீட்டர் கீழே, 4 இடப்பக்கம் என்றால் ஏழு கிளிக் மேலே, நாலு கிளிக் வலம். அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் திருப்பிக்கொண்டிருந்ததில் மட்டும் பதினைந்து தோட்டா வீண்.

இனி ரேஞ்ச்ஃபைண்டர். லேசர் துடிப்பு போய்ப் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்கிறது. ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். 150 மீட்டர் போய்த் திரும்ப ஒரு மைக்ரோவிநாடி. உள்ளங்கை அளவு பெட்டி இதை எண்ணுவதை இன்னும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. பெட்டி மேல் 1000 என்று போட்டிருந்தது. பளபளப்பான பலகைக்கு, வெயில் தாழ்ந்த பிறகு, அது எட்டவும் செய்தது. ஆனால் மான் தோல் பலகை இல்லையே. பழைய பழுப்புக் கம்பளி ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டு நடுப்பகலில் அடித்துப் பார்த்தேன். 400ஐத் தாண்டியதும் வெறும் கோடுகள்தான் தெரிந்தன.

இன்னொரு விஷயம், லேசர் ஊசி மாதிரிப் போகாது, விரிந்துகொண்டே போகும். என் கருவியின் கற்றை 2 மில்லிரேடியன் அகலம். 250 மீட்டரில் அரை மீட்டர், கிட்டத்தட்ட ஒரு மானின் உடம்பளவு. கை கொஞ்சம் ஆடினால் பின்னாலிருக்கும் புதரின் தூரத்தைச் சொல்லும். முன்னால் ஒரு புல் தாள் நின்றால் அதன் தூரம். கம்பளிக்கு 62 என்று ஒருமுறை காட்டியது, இருந்ததோ 138 மீட்டரில். கடைசியாகப் பட்ட பொருளின் தூரத்தைக் காட்டும் மோடுக்கு மாற்றியதும் சரியானது. இப்போதெல்லாம் கருவியை முட்டுக்கம்பில் சாய்த்து மூன்று முறை அடித்து, திரும்பத் திரும்ப வரும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நாலாவது வாரம்தான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். என் தோட்டா 308 வின்செஸ்டர் ரகம், 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு. தூரம் கூடக் கூடக் குண்டு கீழே இறங்குவதை ஈடுகட்ட, 300 மீட்டருக்கு 15 கிளிக், 400க்கு 26 கிளிக் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். தூரம் குறிக்காத மைதானத்தில் இரும்புத் தகடுகள் நிற்கும். நாமே அளந்து சுட வேண்டும். 300 காட்டிய தகட்டில் குண்டுகள் ஆறேழு சென்டிமீட்டர் மேலே விழுந்தன. 400 காட்டிய தகட்டில் பதினைந்து மேலே. 100 மீட்டர் காகிதத்துக்குத் திரும்பினால் எல்லாம் நடுவில்.

ஸ்கோப்பின் திருகு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். 100 மீட்டரில் சதுரப் பரிசோதனை செய்தேன்: இருபது கிளிக் மேலே, இருபது வலம், இருபது கீழே, இருபது இடம், ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பார்ப்பது. கடைசிக் குண்டு முதல் குண்டின் ஓட்டையைத் தொட்டது. ஸ்கோப் மேல் குற்றமில்லை. வேறு பெட்டித் தோட்டாவிலும் அதே கதை.

கடைசியில் காட்டிக் கொடுத்தது ஸ்கோப்பின் கோடுகள்தான். தகட்டின் அகலம் 50 சென்டிமீட்டர் என்று தெரியும். சென்டிமீட்டரைப் பத்தால் பெருக்கி மில்லால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். தகடு 400இல் இருந்தால் ஒன்றே கால் மில் மறைக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது 1.4க்கு ஒரு மயிரிழை குறைவு. கணக்குப்படி 365 மீட்டர் பக்கம். என் ஸ்கோப்பில் கோடுகள் இரண்டாவது குவியத் தளத்தில் இருப்பதால், அதாவது உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கோடுகளின் அளவு மாறாது என்பதால், முழு உருப்பெருக்கத்தில் மட்டும்தான் மில் கணக்கு சரியாக வரும். அதையும் பார்த்துவிட்டேன், முழுசாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ரேஞ்ச்ஃபைண்டர் திரையின் மூலையை உற்றுப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில், எறும்பு அளவில், "ஒய்". யார்ட், அதாவது கெஜம்! மோட் பட்டனை நீளமாக அழுத்தினால் அலகு மாறும். கையுறையோடு எப்போதோ அழுத்தியிருக்கிறேன். 300 கெஜம் என்பது 274 மீட்டர். பத்து நாள், எழுபது தோட்டா. இப்போது மைதானத்துக்குப் போனதும் முதல் வேலை, காலால் அளந்து வைத்த 50 மீட்டர் கம்பத்தைக் கருவியால் அடித்துப் பார்ப்பது.

சரிவில் சுட்டது ஒரே ஒரு நாள்தான். குண்டின் விழுகையைத் தீர்மானிப்பது கிடைத்தளத் தூரம். 30 டிகிரி இறக்கத்தில் லேசர் 300 காட்டினால், கணக்கில் எடுக்க வேண்டியது 260. பதினைந்து கிளிக்குக்குப் பதில் பன்னிரண்டு. அந்த மூன்றை விட்டால் ஒன்பது சென்டிமீட்டர் மேலே போகும். கருவியே கோணத்தைக் கழித்துச் சொல்கிறது, நன்றாகவே.

இங்கே ஒரு திட்டும் வாங்கினேன். தூரத்தில் நடந்து வந்த ஆளை யாரென்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்கினேன். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலும் பார்க்கிறது. மைதானப் பொறுப்பாளர் சொன்னதை இங்கே எழுத முடியாது, ஆனால் சொன்னது நியாயம். இப்போது கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் கிளம்புவதில்லை.

ஆறாவது வாரத்துக்குள் படுத்துக்கொண்டு, குழலைத் தாங்கும் இரட்டைக்கால் பைபாடில் வைத்து, 300இல் 9 சென்டிமீட்டருக்குள் ஐந்து குண்டு போட முடிந்தது. பெருமையாக இருந்தது. காட்டில் யார் படுக்கவிடுகிறார்கள்? புல்லே இடுப்பளவு. உட்கார்ந்து, முட்டுக்கம்பில் வைத்து, படியேறி ஓடி வந்த மூச்சோடு சுட்டுப் பார்த்தேன். 200 மீட்டரில் 19 சென்டிமீட்டர் பரவல், 250இல் 30. மானின் நெஞ்சுப் பகுதி இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆகவே உட்கார்ந்து சுட்டால் எனக்கு எல்லை 180. மில், கிளிக், சரிவு என்று இவ்வளவு படித்துவிட்டு 180! வேடிக்கை என்னவென்றால், 150 மீட்டர் வரை என் குண்டு குறிக்கு ஆறு சென்டிமீட்டருக்குள்தான் கீழே இறங்குகிறது. திருகைத் தொடவே வேண்டாம்.

பருவத்தின் முதல் காலை பனிமூட்டம். எதை அடித்தாலும் 14, 15 என்று லேசர் பனியையே அளந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக முந்தின மாலையே அதே இடத்தில் உட்கார்ந்து, சுற்றியுள்ள மரம், பாறை எல்லாவற்றையும் அளந்து ஒரு அட்டையில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டியிருந்தேன். சாய்ந்த மரம் 140. வெள்ளைப் பாறை 175. பாறைக்கு அப்பால் ஒரு கோடு போட்டு "வேண்டாம்".

பனி கொஞ்சம் கலைந்ததும் ஒரு மான் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. ரேஞ்ச்ஃபைண்டர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. குறுக்குக் கோட்டைத் தோளுக்குப் பின்னால் வைத்தேன். ஒரே குண்டு, முப்பது மீட்டர் ஓடி விழுந்தது. பனி முழுசாக விலகிய பிறகு, அது நின்ற இடத்தில் தொப்பியை வைத்துவிட்டு வந்து, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அளந்து பார்த்தேன். 136. மீட்டர்தானா என்று திரையின் மூலையையும் பார்த்துக்கொண்டேன்.