கேட் ஒன்

திருச்சிப் பக்கம் நான் விசில் ஊதிப் பழகிய திடல்களில் மழை வந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். சேற்றில் சறுக்கிக்கொண்டே கோல் போடுகிறவனுக்குக் கைதட்டலும் கூடுதல். சிங்கப்பூரில் ஒரு சொட்டு விழவில்லை, வானம் லேசாக உறுமியதோடு சரி, மில் சங்கு மாதிரி ஒன்று ஊதியது. "கேட் ஒன்! கேட் ஒன்!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் திடலைக் காலி செய்துவிட்டார்கள். நடுக்கோட்டில் விசிலோடு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

கல்லூரியில் என்னோடு பந்து ஆடிய நண்பன் ஈசூனில் குடியிருக்கிறான். அவன் வட்டாரத்து இளையர் குழு ஒன்று ஜூன் பள்ளி விடுமுறையில் கால்பந்துப் போட்டி நடத்துகிறது, நடுவருக்குப் பஞ்சம், வருகிறாயா என்று கேட்டான். டிக்கெட் என் செலவு, சோறும் பாயும் அவன் செலவு. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சாங்கி. சென்னைக்கு பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம்! வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். சுற்றுலா வந்தவன் இப்படி வேலை பார்க்கலாமா என்பதைக் குழுவினரே மனிதவள அமைச்சிடம் கேட்டு வைத்திருந்தார்கள். நீங்கள் இப்படிப் போவதாக இருந்தால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல காரியம்தானே என்று நாமாக முடிவு செய்துகொள்வது அந்த ஊரில் செல்லாது.

இங்கே இளைஞர் இல்லை, இளையர். தன்னார்வலர் இல்லை, தொண்டூழியர். அந்தச் சொல் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டியபோது, ஊழியத்துக்கு வந்த பாதிரியார் போல ஒரு நிமிடம் கம்பீரமாக இருந்தது. அப்புறம் முந்தின நாள் வேலையைக் காட்டினார்கள். ஒரு சாக்கு நிறைய அழுக்கு பிப்கள், சட்டைக்கு மேல் அணி வாரியாகப் போட்டுக்கொள்கிற கையில்லாத பனியன்கள். பழைய வியர்வை நாற்றம் குடலைப் புரட்டியது. நண்பன் வீட்டு மெஷினில் நாலு தடவையாகத் துவைத்தோம். ஒன்பதாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டி அதில் காயப்போடுவது ஒரு தனி வித்தை. ஈரத் துணி மாட்டிய கழியை ஒற்றைக் கையால் தூக்கி, வெளியே உள்ள குழாய்க்குள் சொருக வேண்டும். நான் முயன்றபோது கழி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நண்பனின் மாமியார் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "கீழ ஆள் நடக்குது தம்பி!"

மொத்தம் 16 அணிகள், பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரை, அணிக்கு ஏழு பேர். நாலு நாலாகப் பிரித்து ஒவ்வொருவரும் தன் பிரிவில் எல்லாரோடும் மோத வேண்டும். அது 24 ஆட்டம். பிரிவில் முதலாவது வருகிறவர்களுக்கு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று. ஆக 28. இரண்டு ஆடுகளம், ஆட்டத்துக்கு 20 நிமிடம். காலை 8.30க்குத் தொடங்கினால் 1.10க்கு முடியும். 1.30க்கு வேறு ஆட்கள் திடலை எடுத்திருந்தார்கள்.

8.55க்குச் சங்கு ஊதிவிட்டது. கேட் ஒன் என்றால் கேட்டகரி ஒன், முதல் வகை எச்சரிக்கை. அருகே மின்னல் விழும் வாய்ப்பு இருக்கிறது, வெட்டவெளியில் நிற்காதே என்று பொருள். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் என்பதால் பத்து வயதுப் பையனுக்குக்கூட அந்தச் சொல் தெரிந்திருக்கிறது. இது வழக்கமான மத்தியான மழையும் இல்லை. சுமத்ராவில் பிறந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையிலோ காலையிலோ வருகிற சூறைக்காற்று. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. புள்ளிப் பட்டியல் தாளை நான் மேசையிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தேன். திரும்ப எடுத்தபோது அது அப்பளக் கூழாகியிருந்தது.

பக்கத்து வீவக புளோக்கின், அதாவது அரசு வீடமைப்புக் கழக அடுக்குமாடியின், கீழ்த்தளத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல் ஒதுங்கினார்கள். தூணில் பந்துப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. பந்து ஆடக்கூடாது. கையில் பந்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது அந்த வயதில் பெரிய தண்டனை. அப்போது ஒரு சிறுமி பையிலிருந்து சப்தே ஒன்றை எடுத்தாள். வட்ட ரப்பர் அடி, அதில் செருகிய வண்ண இறகுகள். கீழே விழாமல் காலின் உள்பக்கத்தால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். சப்தே பந்து இல்லையே, தூணால் என்ன சொல்ல முடியும்? சுற்றி நின்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள், ஆங்கிலத்தில் பாதி, மலாயில் பாதி. 63 வரை போனாள். "அங்கிள், நீங்க?" என்று நீட்டினாள். திருச்சியில் என்னை எல்லாரும் சார் என்பார்கள், இங்கே அங்கிள். எனக்கு நாலு வந்தது.

10.15 ஆகியும் மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழன்றுகொண்டேதான் இருந்தது. நேரம் போய்விட்டது, நாக் அவுட்டாக மாற்றிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். எங்கள் பக்கம் அப்படித்தான் நடக்கும். விடிகாலையில் வேன் பிடித்து வருகிற அணி ஒன்பது மணிக்குத் தோற்று, பரோட்டா தின்றுவிட்டு ஊர் திரும்பும். அது எனக்கு இதுவரை தப்பாகப் பட்டதே இல்லை. குழுவை நடத்துகிற தமிழ்ப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அண்ணே, மூணு ஆட்டம் இருக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம். ரெண்டைப் பிடுங்கிட்டா பிள்ளைங்க வீட்ல போய் என்ன சொல்லும்?"

மிச்சம் 26 ஆட்டம், இரண்டு களத்தில் 13 சுற்று. 10.20க்கு விளக்கு அணைந்தது. கையில் 190 நிமிடம். ஆட்டத்துக்கு 12 நிமிடம், இடைவேளை கிடையாது, அணி மாற 2 நிமிடம். 182 நிமிடத்தில் முடிந்துவிடும். பெனால்டிக்குப் போனால்தான் இடிக்கும். ஒரு அரையிறுதி போகவும் செய்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். 1.28க்குக் கடைசி விசில். கோப்பையைக் கீழ்த்தளத்தில்தான் கொடுத்தோம். மூன்று ஆட்டமும் தோற்ற அணி அதற்குள் நான்காவதாக யாரோடு ஆடலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பரோட்டாவும், தே தாரே என்கிற ஆற்றிய டீயும் முடித்துவிட்டு ஃபேரர் பார்க் திடலைப் பார்க்க நடந்தேன். முன்பு குதிரைப் பந்தயம் நடந்த இடம். 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் இங்கேதான், சுமார் 45,000 பேர். நான் போனபோது ஒரு பையன் தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். சுந்தரமூர்த்தி தெரியுமா என்று கேட்டேன். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரை போய்ப் பந்து ஆடிய சிங்கப்பூர்த் தமிழர், பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளரானவர். "அப்பா சொல்வாரு" என்றான், பந்தை நிறுத்தாமல்.

கிளம்பும்போது நண்பன் மகள் தன் சப்தேயைப் பெட்டியில் போட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் தட்டிப் பார்க்கிறேன். இன்னும் பதினொன்றைத் தாண்டவில்லை.